தெரு உயர்ந்தது, பழி கட்டடத்துக்கு

பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, ஒரு நாள் வாசல்படி பள்ளத்துக்குள் போய்விட்ட வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டைக் கட்டியவர் மேல் அதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனாலும் வழியில் போகிறவர் கண்ணுக்கு வீடுதான் தாழ்ந்து தெரியும். வியன்னா நகரத்தின் ஓபரா அரங்குக்கு 1860களில் நேர்ந்தது ஏறக்குறைய இதுதான். அரங்கின் கட்டுமானம் தொடங்கிய பிறகு, அதற்கு முன்னால் போகும் பெருஞ்சாலையின் மட்டம் சுமார் ஒரு மீட்டர் உயர்த்தப்பட்டது. அரங்கின் அடிப்பகுதி அந்த அளவுக்குத் தெருவுக்குள் அமிழ்ந்தது போலாயிற்று. ஊர் சிரித்தது. மண்ணுக்குள் இறங்கிய பெட்டி என்று பேர் வைத்தது. வடிவமைத்த இருவரும் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. அரங்கு திறப்பதற்கு முந்தைய ஆண்டில், பத்து வார இடைவெளியில், இருவரும் இறந்துபோனார்கள்.

இன்று அதே கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் வியன்னாவை விட்டுப் போகும் பயணி குறைவு. இடையில் அரங்கின் முகப்பு மாறியதா என்றால், அநேகமாக இல்லை. அதைச் சுற்றியிருந்தவை மாறின. இந்த அரங்கின் வரலாறு முழுக்க இப்படித்தான். அது வசை வாங்கியதற்கும் காரணம் வெளியே இருந்தது; பின்னாளில் அதன் மேல் பொழிந்த பாசத்துக்கும் காரணம் வெளியேதான் இருந்தது.

கதை ஒரு மதிலில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவின் பெரிய தலைநகரங்களில் ஒன்றான வியன்னா இன்னும் கோட்டைச் சுவருக்குள் அடைந்து கிடந்தது. சுவருக்கு வெளியே, எதிரி வந்தால் பீரங்கிக்கு மறைப்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலியாக விடப்பட்ட அகன்ற திடல். அதற்கும் அப்பால் புறநகர்கள். 1857 டிசம்பர் 20 தேதியிட்ட ஆணையில் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் அந்த மதிலை இடிக்கச் சொன்னார். ஐந்து நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, அரசு நாளிதழில் அது வெளியானது. மதில் இருந்த இடத்தில் பழைய நகரத்தை வளைத்துக்கொண்டு ஓர் அகன்ற சாலை வரும். அதன் இருபுறமும் அரங்குகள், அருங்காட்சியகங்கள், நாடாளுமன்றம், பல்கலைக்கழகம் எழும். இதுதான் ரிங் சாலை. செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான விஷயம். இடித்த மதிலின் நிலத்தையும் திடலையும் மனைகளாகப் பிரித்துப் பணக்காரர்களுக்கு விற்று, அந்தப் பணத்தை நகர விரிவாக்க நிதி என்ற தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து பொதுக் கட்டடங்களைக் கட்டினார்கள். மனை வாங்கிய வங்கிக்காரர்களும் ஆலை முதலாளிகளும் தங்களை அறியாமலேயே ஓபராவுக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள்.

ரிங் சாலையின் பெரிய பொதுக் கட்டடங்களில் முதலில் எடுத்துக்கொண்டது நாடாளுமன்றத்தை அல்ல, ஓபரா அரங்கைத்தான். பாட்டாகவே நடக்கும் நாடகத்துக்கு அந்த ஊர் கொடுத்த இடம் அப்படி. அதுவரை அரசவை ஓபரா நடந்துவந்த கேர்ட்னர் வாயில் அரங்கு பழையது, நெருக்கடியானது. ஆனால் பெருமைக்குக் குறைவில்லை. பீத்தோவனின் ஒரே ஓபராவான ‘ஃபிடேலியோ’ அதன் இறுதி வடிவத்தில் 1814இல் மேடையேறியது அங்கேதான். அவருடைய ஒன்பதாம் சிம்பொனி 1824 மே 7 அன்று முதன்முதலில் ஒலித்ததும் அங்கேதான். புது அரங்கு வந்ததும் பழையதை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது ஸாகர் ஹோட்டல். சாக்லேட் கேக்குக்காக அங்கே வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சொல்ல முடியாது.

புது அரங்குக்கு 1861இல் போட்டி அறிவித்தார்கள். வரைபடத்தில் பெயர் இருக்கக் கூடாது. ஒரு முத்திரை வாசகம் மட்டும் எழுத வேண்டும். வந்த 35 வடிவங்களில் வென்றதன் மேல் பிரெஞ்சு மொழியில் ஒரு முதுமொழி எழுதியிருந்தது. செய்ய வேண்டியதைச் செய், வருவது வரட்டும் என்பது அதன் பொருள். உறையைப் பிரித்தபோது உள்ளே இரண்டு பெயர்கள்: ஆகுஸ்ட் ஸிக்கார்ட்ஸ்பர்க், எடுவார்ட் வான் டெர் நியூல்.

இருவரும் வியன்னாவின் கலைக் கழகத்தில் பேராசிரியர்கள். மாணவப் பருவத்து நண்பர்கள். உதவித்தொகை பெற்று ஐரோப்பாவைச் சில ஆண்டுகள் சேர்ந்தே சுற்றியவர்கள். திரும்பி வந்த பிறகும் எந்த வேலையையும் சேர்ந்தே எடுத்தவர்கள். கட்டடத்தின் திட்டம், கட்டுமானம், இடவசதி எல்லாம் ஸிக்கார்ட்ஸ்பர்க்கின் பொறுப்பு. அலங்காரம், உருவம், கோடு, நிறம் எல்லாம் வான் டெர் நியூலின் கை. பின்னாளில் வியன்னாவின் நவீனக் கட்டடக்கலைக்கு முன்னோடியான ஓட்டோ வாக்னர் இவர்களிடம் படித்த மாணவர். ஓபராவைக் கட்டிக் கொடுத்த காண்டிராக்டர் யோசெஃப் ஹ்லாவ்காவும் செக் நாட்டிலிருந்து வந்த கட்டடக்கலைஞர்தான். அவர் சம்பாதித்த செல்வத்தின் பெரும்பகுதி பிறகு பிராகில் செக் அறிவுலக நிறுவனங்களை வளர்க்கப் போயிற்று.

அவர்கள் வரைந்தது எப்படிப்பட்ட கட்டடம்? சாலையைப் பார்த்த முகப்பு அளவில் அடக்கமானது. கீழும் மேலுமாக ஐந்தைந்து வளைவுகள் கொண்ட திறந்த மண்டபம் அதில் முன்னால் வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால், கொஞ்சம் உள்வாங்கி, வளைந்த கூரையோடு எழும் பெரிய உடல்: பார்வையாளர் கூடமும் மேடையும் அதற்குள்தான் இருக்கின்றன. இருபுறமும் குறுக்காக நீளும் சிறகுகள்; தரைமட்டத்தில் வெயில் மழை படாமல் நடக்கத் தூண்வரிசை நடைகள். தெருவில் நிற்பவருக்கே உள்ளே எது எங்கே இருக்கிறது என்று வெளித்தோற்றம் சொல்லிவிடும். இது தற்செயல் அல்ல. முகப்புக்குப் பின்னே எல்லாவற்றையும் ஒளிக்காமல், கூடம் கூடமாகத் தெரிய வேண்டும், மேடை மேடையாகத் தெரிய வேண்டும் என்ற ஸிக்கார்ட்ஸ்பர்க்கின் கணக்கு அது.

வான் டெர் நியூலின் பங்குதான் வம்பை இழுத்துவந்தது. வளைவுகளில் இத்தாலிய மறுமலர்ச்சி, கூரையில் பிரான்சின் மணம், சில்லறை வேலைப்பாடுகளில் இடைக்காலத்தின் சாயல் எனப் பலதையும் அவர் ஒன்றாகக் குழைத்திருந்தார். ஒரே பாணியில் சுத்தமாகக் கட்ட வேண்டும், கிரேக்கம் என்றால் கிரேக்கம், கோதிக் என்றால் கோதிக் என்று வாதிட்ட காலம் அது. இந்த இருவருக்கும் பாணி என்ற ஒன்றே கிடையாது, எல்லாம் ஒன்றுதான் அவர்களுக்கு என்று கேலிப்பாட்டு ஒன்று ஊரில் பரவியது.

அந்த வேளையில்தான் சாலை உயர்ந்தது.

1861 இறுதியில் மண் தோண்டத் தொடங்கி 1863 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். ரிங் சாலையின் இறுதி மட்டம் அதற்குப் பிறகுதான் முடிவாயிற்று. முன்பு கொடுத்த அளவைவிடச் சுமார் ஒரு மீட்டர் கூடுதல். எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தைத் தூக்கி வைக்க வழியில்லை. வடிவமைப்பாளர்கள் எதிர்பார்த்த படிக்கட்டும் அடிபீடமும் இல்லாமல், ஏறிப் போக வேண்டிய அரங்கு ஏறக்குறைய சமதளத்தில் நுழையும் அரங்காயிற்று. போதாக்குறைக்கு, சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் தியோஃபில் ஹான்சன் கட்டிய ஹைன்ரிஷ்ஹோஃப் என்ற மாளிகை அதே காலத்தில் எழுந்தது. வாடகைக் குடியிருப்புதான் அது. ஆனால் உயரமும் பகட்டும் அரண்மனையைப் போல. அதன் முன்னால் பேரரசின் ஓபரா அடங்கிப்போய்த் தெரிந்தது. செங்கல் ஆலை முதலாளி ஒருவர் கட்டிய வாடகை வீடு, பேரரசர் கட்டிய கலைக்கூடத்தைப் பார்த்துத் தலையைத் தூக்கி நின்றது ஊருக்குப் பொறுக்கவில்லை. கோபம் ஹான்சன் மேலோ சாலையின் மட்டத்தை மாற்றிய அதிகாரிகள் மேலோ போகவில்லை.

1866 ஜூலை 3 அன்று கோனிக்கிரேட்ஸ் என்ற இடத்தில் ஆஸ்திரியப் படை பிரஷ்யப் படையிடம் படுதோல்வி அடைந்தது. ஜெர்மானிய உலகில் ஆஸ்திரியாவின் முதன்மை அன்றோடு முடிந்தது. அடிபட்ட தலைநகரம் யார் மேலாவது எரிந்து விழ வேண்டுமே. சாரக்கட்டோடு நின்ற ஓபரா அரங்குக்குக் ‘கட்டடக்கலையின் கோனிக்கிரேட்ஸ்’ என்று பட்டம் சூட்டினார்கள். படை தோற்றதற்கும் வளைவுகளின் வடிவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கக் கூடாது. மானம் போன ஊருக்கு எதைப் பார்த்தாலும் அந்தத் தோல்விதான் தெரியும்.

1868 ஏப்ரல் தொடக்கத்தில் வான் டெர் நியூல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜூன் 11 அன்று ஸிக்கார்ட்ஸ்பர்க் இறந்தார். ஏச்சுதான் முதல்வரைக் கொன்றது, துயரம் இரண்டாமவரைக் கொன்றது என்று நகரம் உடனே ஒரு கதை கட்டியது; இன்றுவரை சுற்றுலா வழிகாட்டிகள் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு மனிதர் ஏன் அந்த முடிவுக்குப் போகிறார் என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்வது எப்போதுமே அவசரம். அவர் முன்பிருந்தே மனச்சோர்வில் விழக்கூடியவர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் கேலி செய்த ஊர்தான் இந்தக் கதையையும் பரப்பியது என்பதில் ஒரு குற்றவுணர்வு இருக்கிறது. கதையின் அடுத்த பகுதி பேரரசரைப் பற்றியது. தாழ்ந்து கிடக்கிறது என்ற விமர்சனத்தை அவரும் ஆமோதித்தார், அந்த மரணச் செய்தி கேட்டு அதிர்ந்துபோனார், அதன்பின் எதைத் திறந்து வைத்தாலும் மிக அழகாக இருக்கிறது, எனக்கு மிகவும் மகிழ்ச்சி என்ற ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார் என்பார்கள். அந்த வாக்கியம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது உண்மை. காரணம் இதுதானா என்பது வேறு. 68 ஆண்டுகள் ஆண்டு, ஆயிரக்கணக்கான விழாக்களில் நின்ற ஒருவருக்கு அப்படி ஒரு வாக்கியம் எப்படியும் தேவைப்பட்டிருக்கும்.

எஞ்சிய வேலையை மற்றவர்கள் முடித்துக் கொடுக்க, 1869 மே 25 அன்று மோசார்ட்டின் ‘டான் ஜொவானி’, ஜெர்மன் மொழியில், பேரரசர் முன்னிலையில் மேடையேறி அரங்கு திறந்தது. உள்ளே போனவர்களின் வாய் கொஞ்சம் அடங்கியது. நுழைந்ததும் எதிரே எழும் அகன்ற பளிங்குப் படிக்கட்டு. அதன் தூண்களின் மேல் ஏழு கலைகளின் உருவங்கள். இடைவேளைக் கூடத்தில் மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட் தீட்டிய ஓபராக் காட்சிகள்; வெளி மண்டபச் சுவரில் அவர் கையாலேயே மோசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’. பேரரசருக்கென்று தனி வாசல், தனிப் படிக்கட்டு, இடைவேளையில் இளைப்பாற ஒரு தேநீர் அறை. ஒரே கூரைக்குக் கீழ் வந்தாலும் அரசரும் கேலரி ரசிகரும் எந்தப் படியிலும் எதிரெதிரே வந்துவிடாதபடி பாதைகள் பின்னப்பட்டிருந்தன. ஓபராவை நேசிப்பதில் எல்லோரும் சமம் என்பது கூடத்துக்குள் மட்டும்தான்.

கேலி முற்றிலும் ஓயவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. முகப்பின் மேல் நிறுத்துவதற்காகச் சிற்பி வின்சென்ட்ஸ் பில்ட்ஸ் இரண்டு பறக்கும் குதிரைகளை வெண்கலத்தில் வார்த்தார். கட்டடத்தோடு அளவு பொருந்தவில்லை என்று அவற்றை இறக்கிவிட்டார்கள். உருக்கப்பட வேண்டியவை விலைக்குப் போய், கடல் கடந்து பிலடெல்பியா போய்ச் சேர்ந்தன. அங்கே 1876ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்குக் கட்டிய நினைவு மண்டபத்தின் முன்னால் இன்றும் நிற்கின்றன. வியன்னாவில் இப்போது முகப்பின் மேல் தெரியும் குதிரை வீரர்கள் எர்ன்ஸ்ட் ஹேனல் செய்தவை. அதற்குக் கீழே ஐந்து வளைவுகளிலும் நிற்கும் ஐந்து வெண்கல உருவங்களும் அவருடையவையே.

1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவின் இன்னொரு அரங்கான ரிங் தியேட்டரில், ஆட்டம் தொடங்கவிருந்த நேரத்தில் மேடையின் எரிவாயு விளக்கிலிருந்து தீப்பற்றியது. இருட்டில் வழி தெரியாமல், உட்பக்கமாகத் திறக்கும் கதவுகளில் முட்டி மோதி நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மேடையையும் கூடத்தையும் பிரிக்கும் இரும்புத் திரை ஆஸ்திரிய அரங்குகளில் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். அந்தப் பத்தாண்டிலேயே அரசவை ஓபரா எரிவாயுவை விட்டு மின்விளக்குக்கு மாறியது. இரும்புத் திரையைப் பற்றி இன்னொரு முறை பேச வேண்டியிருக்கும்.

கட்டடத்துக்கு அதுவரை காணாத கண்டிப்பைக் கொண்டுவந்தவர் இசையமைப்பாளரும் இசை நடத்துநருமான குஸ்தாவ் மாலர். யூதராகப் பிறந்த ஒருவர் அரசவை ஓபராவின் தலைமைக்கு வருவது அன்றைய வியன்னாவில் நடக்காத காரியம். 1897 பிப்ரவரியில் அவர் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார், அந்த ஆண்டே பதவிக்கு வந்தார். தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடக் கூடாது என்றார். காசு வாங்கிக் கைதட்டும் கூட்டத்தை விரட்டினார். வசதிக்காக வெட்டிச் சுருக்கிப் பாடிக்கொண்டிருந்த இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் நாடகங்களை முழுசாக நிகழ்த்தினார். ஓவியர் ஆல்ஃபிரட் ரோலரைக் கூட்டிவந்து, 1903இல் ‘டிரிஸ்டன்’ ஓபராவுக்கு ஒளியையும் நிறத்தையும் கொண்டே மேடையை அமைத்தார். வரைந்த திரைச்சீலைகளைத் தொங்கவிடும் பழைய வழக்கம் அங்கே ஆட்டங்கண்டது. பாக்ஸில் அமர்ந்து பேசிச் சிரித்துப் போகும் இடமாக இருந்த அரங்கு, இருட்டில் வாயை மூடிக் கேட்கும் இடமாக மாறியது. பத்தாண்டுகள். பிறகு பத்திரிகைகளின் யூத வெறுப்பும் அரங்கின் உள் பூசல்களும் சேர்ந்து அவரை அலுக்கவைத்தன. 1907 அக்டோபர் 15 அன்று அங்கே அவர் கடைசியாக நடத்தியது ‘ஃபிடேலியோ’. அநியாயமாகச் சிறையில் கிடக்கும் கணவனை ஆண் வேடமிட்டு மீட்கும் ஒரு பெண்ணின் கதை. இந்த ஓபரா இந்த அரங்கின் கதையில் இன்னும் வரும்.

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. அரங்கின் இசைக்குழுவில் 1881 முதல் முதல் வயலினுக்குத் தலைமை தாங்கிய ஆர்னோல்ட் ரோஸே, 57 ஆண்டுச் சேவைக்குப் பிறகு, யூதர் என்பதால் வெளியேற்றப்பட்டார். அவர் மாலரின் தங்கையை மணந்தவர். லண்டனுக்குத் தப்பிய அவர் 1946இல் அங்கேயே இறந்தார். வயலின் கலைஞரான அவர் மகள் ஆல்மா, ஆஷ்விட்ஸ் முகாமில் பெண் கைதிகளின் இசைக்குழுவை நடத்தி, 1944இல் அங்கேயே மாண்டார். மேடையில் விளக்குகள் அணையவில்லை. 1944 ஜூன் 30 அன்று வாக்னரின் ‘கடவுளரின் அந்தி’ நிகழ்ந்தது. பழைய அரங்கில் ஒலித்த கடைசி ஓபரா அது. இப்படி ஒரு தலைப்பை யாராவது கதையில் வைத்தால் நம்ப மாட்டோம்.

1945 மார்ச் 12. ஜெர்மானியப் படை நுழைந்ததன் ஏழாம் ஆண்டு நாள். நகரின் வட பகுதி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைக் குறிவைத்து வந்த அமெரிக்க விமானங்களின் குண்டுகள் நகரத்தின் நடுவிலும் விழுந்தன. ஓபராவின் மேடையும் பார்வையாளர் கூடமும் எரிந்தன. நூற்றுக்கு மேற்பட்ட ஓபராக்களின் அரங்க அமைப்புகளும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஆடைகளும் சாம்பலாயின. ரிங் தியேட்டருக்குப் பிறகு வந்த இரும்புத் திரை மேடைத் தீ கூடத்துக்கு வராமல் தடுக்கத்தான். வானத்திலிருந்து வரும் தீக்கு அது என்ன செய்யும்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. அதே குண்டுவீச்சில் ஓபராவுக்குப் பின்புறம், நடந்தால் இரண்டு நிமிடத் தொலைவில், பிலிப்ஹோஃப் என்ற அடுக்குக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. அதன் நிலவறையில் ஒதுங்கியிருந்தவர்களில் முந்நூறு பேர்வரை இறந்தார்கள். பலரது உடல்கள் எடுக்கப்படவே இல்லை. அந்த இடத்தில் வீடு கட்டவில்லை. 1988 முதல் போருக்கும் பாசிசத்துக்கும் எதிரான நினைவுச் சின்னம் அங்கே நிற்கிறது. வியன்னாக்காரர்களின் போர் நினைவுகளில் ஓபரா எரிந்த காட்சிதான் முதலில் வருகிறது. எரியும் கூரை எல்லோர் கண்ணிலும் பட்டது, நிலவறை யார் கண்ணிலும் படவில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

முன்னெச்சரிக்கையாகச் சுவர் எழுப்பி அடைத்துவைத்திருந்த முன்பகுதி தப்பியது. முகப்பு, பெரிய படிக்கட்டு, ஷ்விண்ட் ஓவியக் கூடம், பேரரசரின் தேநீர் அறை ஆகியவை 1869இல் இருந்தபடியே நின்றன. அந்தப் படிக்கட்டுச் சுவரில் இரண்டு வட்டச் சிற்பங்கள் உண்டு. சிற்பி யோசெஃப் சேசர் செதுக்கிய முகங்கள். ஒன்று ஸிக்கார்ட்ஸ்பர்க், மற்றொன்று வான் டெர் நியூல். அவர்களை ஏசிய நகரத்தில் எரியாமல் மிஞ்சியவற்றுள் அவர்கள் முகங்களும் இருந்தன. எதிரே தலை நிமிர்ந்து நின்ற ஹைன்ரிஷ்ஹோஃப் குண்டுகளில் சிதைந்தது. பின்னாளில் அதை இடித்துவிட்டுச் சாதாரண அலுவலகக் கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். இப்போது அந்தச் சாலையில் ஓபராவைச் சிறுமைப்படுத்த எதுவும் இல்லை.

போர் முடிந்த சில வாரங்களிலேயே, 1945 மே 24 அன்று, பொதுப்பணித் துறையைக் கவனித்த யூலியஸ் ராப் அரங்கு திரும்பக் கட்டப்படும் என்று அறிவித்தார். ரொட்டிக்கும் நிலக்கரிக்கும் வரிசை நின்ற ஊர் அது. நான்கு நாட்டுப் படைகள் கூறு போட்டுக்கொள்ளவிருந்த ஊர். அப்படியிருந்தும் இந்த அறிவிப்பு பெரிய முணுமுணுப்பைக் கிளப்பவில்லை. சண்டை வேறு விஷயத்தில் நடந்தது. பழையபடியே கட்டுவதா, புதிதாகக் கட்டுவதா? வெளித்தோற்றம் பழையபடி என்று முடிவாயிற்று. எண்பது ஆண்டுக்கு முன் பாணியே இல்லாத கட்டடம் என்று பழித்த அதே ஊர், இப்போது அதன் ஒரு வளைவையும் மாற்றவிடவில்லை. வான் டெர் நியூலுக்குக் கிடைத்த தீர்ப்புத் திருத்தம் இது, வந்துசேர நேரமாகிவிட்டது.

உட்கூடத்தை வடிவமைத்தவர் எரிக் போல்டென்ஸ்டெர்ன். அவர் வேலையை நகல் என்று சொல்ல முடியாது. மூன்று அடுக்கு பாக்ஸ்கள், அதற்கு மேல் பால்கனி, கேலரி என்ற பழைய குதிரை லாட வடிவத்தை வைத்துக்கொண்டார். தந்த வெண்மை, சிவப்பு, பொன் என்ற நிறங்களையும் வைத்துக்கொண்டார். ஆனால் மேலடுக்கில் பார்வையை மறைத்த தூண்களை எடுத்துவிட்டார். சிற்ப வேலைப்பாடுகளை உதிர்த்து, சுவர்களைச் சுத்தமாக விட்டார். தலைக்கு மேல் சங்கிலியில் தொங்கும் பழைய சரவிளக்குக்குப் பதிலாக, கூரையோடு பதிந்த படிக வளையம்: சுமார் 7 மீட்டர் விட்டம், 3 டன் எடை, ஆயிரத்துக்கு மேற்பட்ட விளக்குகள். பழைய தங்கக் குகையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அந்தக் கூடம் முதலில் ஏமாற்றமாக இருக்கும். 1950களின் சிக்கனம் அதில் தெரிகிறது. அதுதான் அதன் நேர்மை என்று படுகிறது. எரிந்ததை எரியாதது போல் காட்ட முயலாமல், படிக்கட்டு ஏறும்வரை 1869, கதவைத் திறந்தால் 1955 என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது.

1955 மே 15 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தால் ஆஸ்திரியா மீண்டும் தனிநாடாயிற்று. அக்டோபரில் கடைசி அந்நியப் படைகள் வெளியேறின. நவம்பர் 5 அன்று ஓபரா திறந்தது. முதல்நாள் நிகழ்ச்சி ‘ஃபிடேலியோ’ என்பதில் யாருக்கும் வியப்பில்லை. நாயகி லியோனோராவாக மார்த்தா மோட்ல் பாடினார். கைதிகள் வெளிச்சத்துக்கு வந்து கண் கூசிப் பாடும் இடத்தில் நாடு முழுவதும் தன்னையே கண்டது. டிக்கெட் கிடைக்காதவர்கள் வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள்; தொட்டில் பருவத்தில் இருந்த ஆஸ்திரியத் தொலைக்காட்சி அதை நேரலையாகக் காட்டியது. இசையை நடத்தியவர் இயக்குநர் கார்ல் போம். 1943இல் நாஜி ஆட்சியின்போதும் இதே அரங்கின் இயக்குநர் நாற்காலியில் இருந்தவர் அவர்தான். புதிய இரும்புத் திரையில் ஆர்ஃபியஸ் கதையை வரைந்த ருடால்ஃப் ஐசன்மெங்கரும் நாஜிக் கட்சியில் இருந்தவர். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களாகத் தங்களைக் கண்ட அந்த இரவில், சிறைக் கதவின் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க ஆஸ்திரியாவுக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

போம் மேல் ஊருக்கு இருந்த அன்பும் நீடிக்கவில்லை. அரங்குக்காக என் வெளிநாட்டு வாய்ப்புகளை விட முடியாது என்ற பொருளில் அவர் பேசியது அச்சில் வந்ததும், 1956 மார்ச்சில் அதே ‘ஃபிடேலியோ’வுக்கு இசை நடத்த வந்தவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். பதவி விலகினார். அடுத்து வந்தவர் இசை நடத்துநர் கராயன். ரசிகர்கள் இயக்குநர்களை விரட்டுவதும் கொண்டாடுவதும் அங்கே கிட்டத்தட்ட ஒரு நகர விளையாட்டு.

அந்த ரசிகர்களைப் பார்க்க வேண்டுமானால் பாக்ஸுக்குப் போகக் கூடாது. நின்று பார்க்கும் பகுதிக்குப் போக வேண்டும். தரைத்தளத்தில், முன்பு பேரரசருக்கென்று இருந்த நடு பாக்ஸுக்கு நேர் கீழே, கம்பித் தடுப்புகள் போட்ட சரிவான இடம். உட்கார்ந்து பார்ப்பவர் கொடுப்பதில் மிகச் சிறு பங்குதான் கட்டணம், பார்வையோ முதல்தரம். டிக்கெட் வாங்கியதும் முண்டியடித்து உள்ளே வந்து, ஒரு கைக்குட்டையையோ கழுத்துத் துண்டையோ தன் இடத்துக் கம்பியில் முடிந்துவிட்டால் போதும், காபி குடித்துவிட்டு வரலாம் என்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. முடிந்த துணியை யாரும் அவிழ்த்ததில்லை. எந்தப் பாடகர் எந்த ஆண்டில் எந்த வரியில் தடுமாறினார் என்பதெல்லாம் இங்கே நிற்பவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் எழுப்பும் ஒலிதான் மறுநாள் பத்திரிகை விமர்சனத்துக்கு முன்னோட்டம்.

ஐசன்மெங்கரின் இரும்புத் திரையை என்ன செய்வது என்ற கேள்விக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அழிக்கவில்லை, மூடினார்கள். 1998 முதல் ஒவ்வொரு சீசனுக்கும் சமகால ஓவியர் ஒருவரின் படத்தை 176 சதுர மீட்டரில் பெரிதாக்கி, காந்தங்களால் திரையின் மேல் ஒட்டுகிறார்கள். முதல் படம் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் காரா வாக்கருடையது.

மேடைக்குப் பின்னால் நடப்பது வேறு உலகம். வியன்னாவில் ஒரே ஓபராவை வாரக்கணக்கில் ஓட்டுவதில்லை. இன்று வெர்டி, நாளை மோசார்ட், மறுநாள் பாலே. செப்டம்பர் முதல் ஜூன் வரை ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் வேறு நிகழ்ச்சி. காலையில் ஒத்திகைக்கு ஒரு செட், மாலையில் நிகழ்ச்சிக்கு வேறு செட். திரை விழுந்ததும் பிரிக்கிற வேலை தொடங்கிவிடும். இத்தனையையும் வைக்க அரங்கில் இடம் இல்லை. நகரத்தின் தென்கிழக்கில், ஆர்செனல் என்ற பழைய படைக்கல வளாகத்தில்தான் கிடங்கும் பட்டறைகளும் ஒத்திகை மேடையும் இருக்கின்றன. அரண்மனைகளும் கோபுரங்களும் காடுகளும் துண்டு துண்டாக லாரியில் ஏறி அங்கிருந்து வந்து, அங்கேயே திரும்பிப் போகின்றன.

1848 புரட்சிக்குப் பின் நகரத்தை அடக்கிவைக்க எழுப்பிய அந்த வளாகத்தைப் பல கட்டடக்கலைஞர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஹான்சன் அதில் ஒருவர். வேறு இருவர், அப்போது நாற்பதை ஒட்டிய வயதில் இருந்த ஸிக்கார்ட்ஸ்பர்க்கும் வான் டெர் நியூலும். அங்கே அவர்கள் கட்டியதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.